அம்மனுக்கு விட்ட இறால்

காணாக்கடி என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொல் உண்டு. உடம்பில் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும்பும், அரிக்கும். கடித்தது எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் காணாக்கடி. என் மூத்த மகனை அவனுடைய பத்தாம் மாதத்தில் அது கடித்தது. அவனைக் கடித்ததோடு விட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். என் மானத்திலும் அது பல்லை வைத்தது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகும். ஆகட்டும். எனக்கு நடந்ததை வேறு யார் எழுதுவது?

நான் பிறந்தது திருவொற்றியூர். நாங்களும் கடல்காரர்கள்தான். ஆனால் என் நைனா கட்டுமரத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். என் அம்மா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டாள். என்னை ராயபுரம் கடலோரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அது பட்டணத்தில் டிராம் நின்றுபோவதற்கு இரண்டு வருஷம் முன்னால். புருஷன் கட்டுமரம் போகிறவர். மாமியார் காய்ந்த இறால் வியாபாரம். வீடு முழுக்கப் பாய் விரித்து இறால் காயும். கூடத்தில் நடந்தால் காலில் இறால் தூள் ஒட்டும், தலையணையில்கூட அந்த வாசனை இருக்கும். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மாமியாருக்குத்தான் நான் பெரிதாகப் படவில்லை.

"கம்பெனி சங்கு கேட்டு எந்திரிக்கிற வூட்டுப் பொண்ணு. காத்து கேட்டு எந்திரிக்கத் தெரியுமா இதுக்கு?" என்பாள், எனக்குக் கேட்கும்படியாகவே.

நான் பதில் சொல்ல மாட்டேன். அடுத்த நாள் அவளுக்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்திருப்பேன். அது என் பதில்.

மாமனாரை நான் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் போய்விட்டார். ஆனால் அவர் பேச்சில்லாமல் அந்த வீட்டில் ஒரு நாள் விடிந்ததில்லை. அவர் இறாலை அம்மனுக்கு விட்டவர். கோயிலில் போய், இனி இதைத் தொடமாட்டேன் என்று ஒரு பண்டத்தைச் சாமிக்கு விட்டுக்கொடுப்பது எங்கள் ஜனத்தில் வழக்கம். சிலர் கத்திரிக்காயை விடுவார்கள், சிலர் சாராயத்தை விடுவார்கள், இரண்டு மாதத்தில் மறுபடி தொடுவார்கள். மாமனார் சாகிறவரைக்கும் தொடவில்லை. மாமியாருக்கு அதில் அத்தனை பெருமை.

"எறா வூட்டுக்குள்ளயே குந்திகினு, இருவது வருசம் ஒரு எறா வாயில வெக்கலமே என் புருசன். அது பக்தி. இப்ப கீறானுங்களே!" என்று தெருவில் யாரிடமும் சொல்வாள். அவருக்குப் படையல் போடுகிற நாளில் அந்த வீட்டில் இறால் வேகாது.

அந்தத் தெருவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பிள்ளைக்குப் பல் முளைத்ததும் வீட்டின் மூத்தவள் ஒரு இறாலை மென்று மசித்துப் பிள்ளையின் நாக்கில் வைப்பாள். பிள்ளை சப்புக்கொட்டி விழுங்கினால், "கடல் ஏத்துக்கிச்சு" என்று குலவை போடுவார்கள். துப்பினால் ஆகாது.

என் மகனுக்கு ஐப்பசியில் வைத்தார்கள். அவனுக்குப் பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்தே கன்னத்தில் கரப்பான், சொரசொரவென்று சிவந்திருக்கும். குழந்தை என்றால் கரப்பான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். மாமியார் புதுச்சேலை கட்டிக்கொண்டு, அவனை மடியில் போட்டு, நாக்கில் வைத்தாள். அவன் முதலில் சப்பினான். குலவை எழுந்தது. குலவை அடங்குவதற்குள் துப்பினான். உதடு தடித்தது. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. வயிறு, முதுகு, தொடை எல்லாம் தடிப்பு.

"காணாக்கடி, காணாக்கடி, கம்பளி எடுத்தா" என்று மாமியார் கம்பளியால் தேய்த்தாள். வெற்றிலையில் மிளகு வைத்துக் கசக்கினாள். அதற்குள் அவன் நெஞ்சுக்குள் விசில் ஊதுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் கம்பளியோடு சேர்த்துப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தெருவில் ஓடினேன். புருஷன் கடலில். ஒரு கை ரிக்‌ஷாக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கே என்றுகூடக் கேட்காமல் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு இழுத்தார்.

ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விசில் தணிந்தது. டாக்டரம்மா நடுவயசு, கண்ணாடி போட்டவர். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"இந்தக் குழந்தைக்கு இறால் ஆகாதும்மா. அலர்ஜின்னு சொல்லுவோம். இனிமே ஒரு பொட்டுகூட வாயிலே படக் கூடாது. உங்க வீட்டிலே யாருக்காவது இப்படி உண்டா? ஏதாவது சாப்பிட்டா தடிக்கிறது, இழுப்பு, ஓயாத தும்மல், தோல் அரிப்பு?"

"எங்க வம்சத்துல சீக்குன்னு ஒண்ணு கெடையாதும்மா" என்றேன். பயம் போனதும் எனக்குத் திமிர் வந்துவிட்டது.

அவர் சிரித்தார். "சீக்குன்னு நினைக்காதே. மூக்கு, நெத்தி மாதிரி இதுவும் பரம்பரையா வர்ற ஒரு சுபாவம். உடம்போட சுபாவம். எல்லாப் பிள்ளைக்கும் வராது. வர்றதும் ஒரே மாதிரி வராது. தாத்தாவுக்கு இழுப்பா இருந்தது பேரனுக்குத் தோல்லே வரலாம். நடுவிலே அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லாமலும் போகலாம். ரெண்டு பக்கமும் இருந்தா இன்னும் ஜாஸ்தியா வரும். வீட்டிலே போய் ரெண்டு பக்கமும் விசாரி."

நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு செய்த பெரிய தப்பு அதற்கப்புறம்தான். வீட்டுக்கு வந்து டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். பரம்பரையாக வருவது, இரண்டு பக்கமும் விசாரிக்கச் சொன்னார்கள் என்று.

மாமியார் இறால் ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டாள். மறுநாள் குழாயடியில் பேசினாள். நான் குடத்தோடு போனபோது நாலு பொம்பளைகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"பரம்பரையா வருதாம்மே! எங்க பரம்பரையில எறாவ துப்பனவன் ஒர்த்தன் கெடையாது. எம் புள்ள கூடகூடயா துன்னுவான். அப்ப இது எந்தப் பரம்பரைன்னு அவதான் சொல்லணும்."

நான் குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். துரத்துகிறவரைக்கும் நிற்கிற ரகம் இல்லை நான். பிள்ளையையும் இரண்டு சேலையையும் எடுத்துக்கொண்டு திருவொற்றியூருக்குக் கிளம்பிவிட்டேன். அந்தச் சொல் அதே குழாயடியில் திரும்பாமல் நான் அந்த வாசலை மிதிக்க முடியாது. அது திரும்பவில்லை என்றால் என் மகன் அப்பன் பேர் இல்லாதவனாக வளர்வான்.

எட்டு நாள் கழித்துப் புருஷன் வந்தார், கையில் சங்கரா மீன் கோத்துக்கொண்டு.

"இன்னாயா, உங்கம்மா சொன்னத நீயும் நம்பறியா?" என்றேன்.

"நா இன்னா சொல்றது... அம்மா ஒரு வேகத்துல..."

"நா ஒன்ன கேட்டேன்."

அவர் கடலில் எந்தக் காற்றுக்கும் பாய் இறக்காதவர். அம்மா பேரைச் சொன்னால் பாயைச் சுருட்டிவிடுவார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"மீன வெச்சிட்டுப் போ. நம்புனப்பறம் வா" என்றேன். மீனைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம். கோபம் அவர் மேல்தான், மீன் மேல் இல்லை.

நைனா வீட்டில் ஒரு மாதம் போனது. மார்கழி பிறந்தது. ஒரு காலையில் பிள்ளை பயந்து அழுதான். என்னடா என்று பார்த்தால் நைனா வாசலில் நின்று தும்மிக்கொண்டிருக்கிறார். ஒன்று, இரண்டு அல்ல, பதினொன்று. தினமும் காலையில் அப்படித்தான். எங்கள் தெருவில் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள். கம்பெனி மருந்து நெடி என்று எல்லோரும் சொன்னோம். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி இல்லாதபோதும் தும்முவார், அதை யாரும் யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், என் காதில் விழுவதே இல்லை.

"ஓயாத தும்மல்" என்று டாக்டரம்மா கேட்டாரே!

எங்கள் வம்சத்தில் சீக்கே கிடையாது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள் நான். அடுப்படியில் போய் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றது. இது என் பக்கம். என் பக்கத்தைக் கொண்டுபோய்ச் சொல்லி என்ன பிரயோசனம்? பிள்ளை என் பிள்ளை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லையே. எனக்கு வேண்டியது அவர்கள் பக்கம்.

அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறபோது ஒரு கேள்வி வந்தது. மாமனார் ஏன் இறாலை விட்டார்? வேண்டுதல் என்றால் ஒரு காரணம் இருக்க வேண்டும். பிள்ளை வேண்டும், படகு திரும்ப வேண்டும், காய்ச்சல் இறங்க வேண்டும் என்று ஏதாவது. மாமியார் எத்தனை தடவை அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள்! ஒரு தடவைகூட எதற்காக என்று சொன்னதில்லை. அவளுக்கே தெரியாது.

தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். மாமனாரின் அக்கா, எண்ணூரில் கழிமுகத்தை ஒட்டின குப்பத்தில். எனக்குப் பெரியம்மா முறை. என் கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்தது. மறுநாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பெரியம்மா வாசல் வெயிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு விடுகிறபோது நெஞ்சில் கீச்கீச்சென்று சத்தம்.

"வாடி மவளே. பயப்படாத, மார்கழி வந்தா என் நெஞ்சில ஒரு பூனை வந்து குந்திக்கும். தை போனா அதும் பூடும். இன்னா, புள்ள மூஞ்சி எந் தம்பி மூஞ்சியா கீதே!"

அதைக் கேட்டதும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். நடந்ததைச் சொன்னேன். சொல்லிவிட்டு, "மாமா எதுக்காவ பெரியம்மா எறாவ அம்மனுக்கு வுட்டாரு?" என்று கேட்டேன்.

பெரியம்மா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, நான் முதுகைத் தடவிக்கொடுத்து அடங்கினாள்.

"வுட்டானா? அவன் எங்கடி வுட்டான், எறாதான் அவன வுடல! ஒரு எறா வாயில பட்டா மூஞ்சி பூசணிக்கா ஆயிடும். எங்க நைனாக்கும் அதேதான். கட்டுமரம் ஏறுறவன் எறா துன்ன மாட்டேன்னா சும்மா வுடுவானுங்களா? வேணும்னே சோத்துக்குள்ள ஒளிச்சு வெச்சி வேடிக்கை பாப்பானுங்கோ. எங்க ஆயாதான் வழி சொல்லிக் குட்தா. 'அம்மனுக்கு வுட்டுட்டேன்னு சொல்லு, எவனும் கிட்ட வரமாட்டான்'னு. நைனா அத்த சொல்லித்தான் பொழைச்சாரு. தம்பியும் அத்தையே சொன்னான்."

"அத்தேகிட்டகூட சொல்லலியா?"

"எறா யாவாரம் பண்ற வூட்டுப் பொண்ண கட்டிகினு வந்துட்டு, எறா ஒத்துக்காதுன்னு எப்டிடி வாய தொறப்பான்? ஆம்பளைக்கு மானம் கீதுல்ல."

"ஒங்களுக்கு எறா?"

"எனக்கு இன்னா, குண்டான் குண்டானா துன்னுவேன். எனக்கு மூச்சு ஒண்டிதான். எங்க அக்கா ஒர்த்தி இருந்தா, அவளுக்கு அதும் கெடையாது, இதும் கெடையாது. பாறை மாரி இருந்தா. ஒரே வவுத்துல பொறந்தோம், ஆளுக்கு ஒண்ணு." சொல்லிவிட்டுப் போர்வையை உதறி எழுந்தாள். "கெளம்பு. இத்த நீ சொன்னா அவ நம்பமாட்டா. நா வரேன்."

அந்த மூச்சோடு பஸ்ஸில் ஏறி ராயபுரம் வந்தாள் பெரியம்மா.

மாமியார் கூடத்தில் இறால் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பிள்ளையோடு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன். பெரியம்மா மட்டும் உள்ளே போய், பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கி எல்லாவற்றையும் சொன்னாள். மாமியாரின் கை முதலில் ஆய்ந்துகொண்டே இருந்தது. பிறகு மெதுவானது. பிறகு நின்றது.

கையிலிருந்த இறாலைப் பாயில் போட்டுவிட்டு, "அண்ணி" என்றாள். "கண்ணாலம் ஆன புதுசுல ஒரு தபா எறாவுல போட்ட கரண்டிய மீன் கொயம்புல போட்டுட்டேன். அவருக்கு உதடெல்லாம் வீங்கிக்கிச்சு. அம்மன் கோச்சிக்கினான்னு நா ஈரத்துணியோட கோயில மூணு வெள்ளிக்கெயம சுத்தனேன். என்னால வந்துச்சுன்னு அயுதுகினே சுத்தனேன். அவரு சும்மா பாத்துகினு இருந்தாரு."

"சிரிச்சிருப்பான் படுபாவி" என்றாள் பெரியம்மா.

"எங்க சிரிக்கிறது? உதடு அம்மாம் வீங்கிக் கெடந்துச்சு."

சொல்லிவிட்டு மாமியாரே சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு எழுந்து பின்பக்கம் போனாள். புளியைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள். மோந்து பார்த்தாள். மறுபடியும் கழுவினாள். ஈரம் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து பிள்ளைக்குக் கை நீட்டினாள். அவன் தாவினான். பிள்ளைகளுக்கு என்ன தெரியும்.

"இன்னாமே நின்னுகினு கீற? உள்ள வா."

நான் அசையவில்லை. "அத்தே, எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. அப்பால வரேன்."

பெரியம்மா வாயில் விரல் வைத்தாள். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன்.

"ஏமே, எல்லாரும் கேட்டுக்கோங்க. எம் புருசனுக்கு எறா ஒத்துக்காது. அவங்க நைனாக்கும் ஒத்துக்காது. எம் பேரனுக்கும் ஒத்துக்கல. இது அசல் எங்க வூட்டு ரத்தம். நா சொன்ன பேச்சு கலீஜ் பேச்சு. இனிமே எவளாச்சும் அத்த பேசினா கொடத்த புடுங்கி ஒடைப்பேன்."

ஒருத்தி மெதுவாக, "அப்ப அம்மனுக்கு வுட்டாருன்னியே?" என்றாள்.

"அத்த அம்மன் கேக்கட்டும். நீ தண்ணி புடி."

இருபது வருஷமாகத் தலைக்கு மேல் தூக்கிவைத்திருந்த புருஷன் பெருமையை எனக்காக அந்தக் குழாயடியில் இறக்கி வைத்தாள். அது லேசான காரியம் இல்லை. அன்றைக்குத்தான் அவளை எனக்குப் பிடித்தது. சாயங்காலம் கரைக்கு வந்த புருஷனுக்குச் சேதி தெரிந்து, வாசலில் என்னைப் பார்த்ததும், "நா அப்பவே சொன்னேன்" என்றார். என்ன சொன்னார், யாரிடம் சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

மாமியார் இறால் பாய் அத்தனையும் சுருட்டிக் கரையில் கொட்டகை போட்டு அங்கே கொண்டுபோய்விட்டாள். பொங்கலுக்குள் பிள்ளையின் கன்னத்துக் கரப்பான் பாதி ஆறிவிட்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ரத்தத்தில் வந்தது பஞ்சு என்றால், அந்தத் தூள்தான் நெருப்பு. பஞ்சை மாற்ற முடியாது, நெருப்பைத் தள்ளிவைக்கலாம். இப்போது காலேஜில் படிக்கிற பேத்தி அதற்கு ஜீன் என்று பேர் சொல்கிறாள். சொல்லட்டும். அவளுக்கு முழங்கை மடிப்பில் அரிப்பு வருகிறது, அவள் அண்ணனுக்கு ஒன்றும் இல்லை. அவனுக்குப் பின்னால் பிறந்த என் மகள் இறாலை ஓட்டோடு தின்பாள். யாருக்கு என்ன வந்தாலும் எங்கள் வீட்டில், "இது யார் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்போம். எவள் நடத்தை என்று கேட்பதில்லை.

ஒன்று பாக்கி இருக்கிறது. அந்தப் பொங்கலுக்கு நைனா வரிசை கொண்டுவந்தார். மாமியார் வற்புறுத்தி ஒரு நாள் தங்கவைத்தாள். மறுநாள் காலையில் அவர் வாசலுக்குப் போனார். நான் அடுப்படியில் கண்ணை மூடிக்கொண்டேன்.

மாமியார் தயிர் கடைவதை நிறுத்திவிட்டு எண்ணினாள். வாய்விட்டே எண்ணினாள். "ஒம்பது... பத்து... பதினொண்ணு." அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாமே, ரெண்டு பக்கமும் விசாரிக்கச் சொன்னாங்கன்னு சொன்னியே அந்த டாக்டரம்மா?"

"ஆமா அத்தே."

"எங்க பக்கத்த நா கொயாயாண்ட சொல்லிட்டேன்."

குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினேன்.

"சத்தமா சொல்லு" என்றாள் பின்னாலிருந்து.